நாலரை கிராம் தங்கமும் பதினான்கு ஆண்டுகளும்
பொய்ப் புகாரில் சஸ்பெண்ட்... மீள்வது எப்படி?

1985 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. கோலார் தங்கவயல். சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் எம். பால் அந்தோணியின் வீட்டுக்குள் போலீஸ் நுழைகிறது. சோதனைக்குத் தலைமை தாங்கி வந்திருப்பவர் காவல் கண்காணிப்பாளர். நாலரை கிராம் எடையில் ஒரு தங்க உருண்டையும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமும் அந்த வீட்டில் கிடைத்ததாகப் பட்டியல் எழுதப்படுகிறது.

மறுநாள், ஜூன் 3, சஸ்பெண்ட் உத்தரவு. அதற்கு மறுநாள், ஜூன் 4, சார்ஜ் மெமோ. சுரங்கத்தின் தங்கத்துக்குக் காவல் இருந்தவர் மூன்றே நாளில் தங்கத் திருடர் என்ற பெயரைச் சுமந்து நின்றார்.

வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ‘வீட்டில் தங்கம் பிடிபட்டதாம்’ என்ற பேச்சு என்ன வேகத்தில் பரவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குற்றச்சாட்டை மறுத்து அவர் கடிதம் எழுதினார். இதே விஷயம் கோர்ட்டில் இருக்கிறது, அது முடியும்வரை துறை விசாரணையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டார். நிர்வாகம் கேட்கவில்லை. தள்ளிவைப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் மனம் மாறவில்லை. சஸ்பெண்ட் காலத்தில் கொடுத்தே ஆகவேண்டிய பிழைப்பூதியமும் அவருக்குக் கிடைக்கவில்லை. உடம்பும் சரியில்லை. விசாரணை நடக்கும் இடத்துக்கு வந்துபோகக் கையில் காசில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை நடந்தது. 1986 ஜூன் 7 அன்று வேலையை விட்டே நீக்கப்பட்டார்.

எட்டு மாதம் கழித்து, 1987 பிப்ரவரி 3 அன்று, குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தச் சோதனையும் பொருள் கைப்பற்றிய கதையும் நிரூபிக்கப்படவில்லை என்றது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பிறகு டிவிஷன் பெஞ்ச், பிறகு டெல்லி. உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நாள் 1999 மார்ச் 30. நாலரை கிராம் தங்கத்துக்காக அவர் இழந்தது கிட்டத்தட்ட பதினான்கு ஆண்டுகள்.

சஸ்பெண்ட் ஆனவருக்குப் பிழைப்பூதியம் கொடுக்காமல் இருப்பதை, மெல்லக் கொல்லும் விஷத்துக்கு ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பு. சஸ்பெண்ட் வழக்கு நடத்தும் எந்த வக்கீலின் மேஜையிலும் இன்று பால் அந்தோணியின் பெயர் இருக்கிறது.

சஸ்பெண்ட் செய்திகளை நாம் ஒரு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? புகார் பொய் என்றால் அந்த மனிதர் எப்படி மீள்வது?

தண்டனை இல்லை, ஆனால்...

அரசு ஆணைகளில் ‘தற்காலிகப் பணிநீக்கம்’. பத்திரிகைகளில் ‘பணியிடை நீக்கம்’. ஊழியர்கள் வாயில் எப்போதுமே ‘சஸ்பெண்ட்’. தமிழக அரசு அலுவலகங்களில் ‘17-இ போட்டுட்டாங்க’ என்று விதி எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

சட்டத்தின் கண்ணில் சஸ்பென்ஷன் தண்டனை அல்ல. ஒருவர் நாற்காலியில் இருந்தால் ஆவணத்தைத் திருத்தலாம், சாட்சியை மிரட்டலாம் என்ற நிலையில், விசாரணை முடியும்வரை அவரைத் தள்ளி உட்கார வைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். தேவையான ஏற்பாடும்கூட. ஒரு குழந்தை ஆசிரியர்மேல் புகார் சொன்னால், அவரை அதே வகுப்பில் நிற்கவைத்து விசாரிக்க முடியாது.

ஆனால் விசாரணை முடியும்வரை என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை நாள் இருக்கிறது? மத்தியப் பொதுப்பணித் துறையின் உதவிப் பொறியாளர் ஓ.பி. குப்தாவுக்கு அது பதினொரு ஆண்டுகள். அவர் வழக்கில் 1987-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இத்தனை காலம் நீளும் சஸ்பென்ஷன் தண்டனையாகவே ஆகிவிடுகிறது என்று கண்டித்தது.

பொய்ப் புகாரைச் சொல்ல ஒரு நாள் போதும். அது பொய் என்று காட்டவும் பல நேரம் ஒரு வாரம் போதும். வருகைப் பதிவேடு, கேமரா பதிவு, ரசீதுப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டால் முடிந்துவிடும் வேலை அது. அந்த ஒருவரை உட்கார வைக்காமல் கோப்பை இழுத்தடிக்கும்போதுதான் பொய்க்கு ஆயுள் கூடுகிறது. இந்தக் கட்டுரைக்காகப் புரட்டிய எல்லா வழக்குகளிலும் ஊழியரை வீழ்த்தியது தாமதம்தான்.

---

■ எவ்வளவு பணம்? எத்தனை நாள்?

● மத்திய அரசு ஊழியர்: முதல் மூன்று மாதம் பாதிச் சம்பளத்தின் அளவில் பிழைப்பூதியம், அதற்குரிய அகவிலைப்படி. தாமதத்துக்கு ஊழியர் காரணம் இல்லையென்றால், அதன் பிறகு அந்தத் தொகையைப் பாதி அளவு வரை கூட்டலாம். இழுத்தடிப்பவர் ஊழியர் என்றால் அதே அளவு குறைக்கலாம்.

● தமிழ்நாட்டுத் தனியார் துறை: 1981-ம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் முதல் 90 நாள் 50 சதவிகிதம், 91 முதல் 180 நாள் வரை 75 சதவிகிதம், அதற்கு மேல் முழுச் சம்பளம்.

● புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சஸ்பெண்ட் செய்தால் விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது.

● மறுஆய்வு: மத்திய அரசு ஊழியரின் சஸ்பென்ஷனை 90 நாளுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும். நீட்டித்தால் ஒரு முறைக்கு 180 நாளைத் தாண்டக் கூடாது. மறுஆய்வே நடக்கவில்லை என்றால் உத்தரவு செல்லாது.

● 48 மணி நேரம்: போலீஸ் காவலிலோ சிறையிலோ 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், தனி முடிவு எதுவும் தேவையில்லாமல் அரசு ஊழியர் சஸ்பெண்ட் ஆனதாகவே கருதப்படுவார்.

---

வீட்டுக்குள் நுழையும் உத்தரவு

உத்தரவு வந்த மறுநாள் காலையில் என்ன செய்வது? இதுதான் முதல் கேள்வி. இருபது வருடமாக எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தவர் வீட்டில் உட்கார்ந்தால் தெரு கேட்கும். ‘என்ன சார், லீவா?’ என்ற சாதாரண விசாரிப்புக்கே நெஞ்சு படபடக்கும். அதனால் வழக்கம்போலக் குளித்து, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, பக்கத்து ஊர் நூலகத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. மதியம் அந்த டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிடும் அரை மணி நேரத்தை எந்தக் கோப்பும் கணக்கில் எடுப்பதில்லை.

சம்பளம் பாதியாகும். வீட்டுக் கடன் தவணை பாதியாகாது. மகளின் கல்லூரிக் கட்டணம் குறையாது. வேறு வேலைக்கும் போகக்கூடாது. போகவில்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்தால்தான் பிழைப்பூதியமே வரும். குறிப்பிட்ட தலைமையிடத்தை விட்டு அனுமதி இல்லாமல் நகரக்கூடாது. சொந்த ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது, ஜூனியர்கள் மேலே போவார்கள். ஓய்வு பெறும் வயது நெருங்கியவர் என்றால் பணிக்கொடை நிற்கும். தமிழகத்தில் ஓய்வு பெறும் கடைசி நாளன்று, மாலையும் சால்வையும் காத்திருக்கும் நேரத்தில் சஸ்பெண்ட் உத்தரவு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்த நடைமுறையைத் தவிர்க்க வேண்டும் என்று 2021-ல்தான் அரசு முடிவெடுத்தது.

மிகப் பெரிய அடி விழுவது வீட்டாருக்குத்தான். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ‘அப்பா எங்கே வேலை?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போகும். பள்ளியில் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை கேட்கும். எதிர்த்துப் பேச முடியாத கோபம் வீட்டுக்குள்ளேயே சண்டையாக வெடிக்கும். தூக்கம் போகும். தூக்கத்தோடு நம்பிக்கையும் போகும். அப்படி ஒரு நாள் வந்தால், உடனே யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், தமிழக அரசின் 104 எண்ணும் எந்நேரமும் இருக்கின்றன. நாளைக்கு விசாரணையில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் நலமாக இருந்தாக வேண்டும்.

நாகர்கோவில்காரரின் 24 ஆண்டுகள்

பொய்ப் புகார் கடைநிலை ஊழியரைத்தான் தாக்கும் என்று நினைத்தால், நம்பி நாராயணனை நினைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, பிரின்ஸ்டன் வரை போய்த் திரும்பிய விஞ்ஞானி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்குப் பலம் தந்த விகாஸ் என்ஜினை உருவாக்கிய குழுவின் தலைவர்.

1994 நவம்பர் 30 அன்று கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்பது புகார். விற்றதாகச் சொல்லப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அன்றைக்கு இந்தியாவிடமே இல்லை. ஐம்பது நாள் சிறையில் இருந்தார். அவருடைய குடும்பம் ‘தேசத்துரோகி வீடு’ என்ற பேச்சைச் சுமந்தது.

1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றது. விண்வெளித் துறை வேலைக்கு அவர் திரும்பினார். ஆனால் என்ஜின் கூடத்துக்குத் திரும்பவில்லை. மேஜை வேலையிலேயே இருந்து 2001-ல் ஓய்வு பெற்றார். உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018 செப்டம்பர் 14-ல். கைதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 24 ஆண்டுகள். அடுத்த ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது.

அதே வழக்கில் கைதான இன்னொருவர் கே. சந்திரசேகர். ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர். தீர்ப்பு வரவிருந்த அன்று காலையில் அவர் நினைவிழந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். 2018-ல் வந்த அந்தத் தீர்ப்பை அவர் கேட்கவே இல்லை.

நம்பி நாராயணனின் கைது தலைப்புச் செய்தியாக வந்தது. சி.பி.ஐ. அறிக்கை அந்த அளவு பெரிதாக எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பொய் எங்கே முளைக்கிறது?

மொட்டைப் பெட்டிஷனில் முளைக்கிறது. யார் எழுதியது என்றே தெரியாத மனுவின் பேரில் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தும் பெயரில்லாக் கடிதங்கள் மேஜை மேஜையாக நகர்கின்றன.

மேலே இருப்பவரைக் காப்பாற்றும் அவசரத்தில் முளைக்கிறது. கஜானாவில் பணம் குறைந்தால் கேஷியர், கிடங்கில் மூட்டை குறைந்தால் காவலாளி, மருத்துவமனையில் உயிர் போனால் பணியிலிருந்த நர்ஸ். சாவி யார் யாரிடம் இருந்தது, ஆள் பற்றாக்குறை எத்தனை, மருந்து இருப்பில் இருந்ததா என்ற கேள்விகள் பிறகு வரும். சஸ்பெண்ட் முதலில் வரும்.

இப்போது முப்பது விநாடி வீடியோவிலும் முளைக்கிறது. கண்டக்டர் கோபமாகப் பேசும் பகுதி மட்டும் மாலையில் பரவுகிறது. அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் வெட்டப்பட்டிருக்கும். ‘நடவடிக்கை எடுத்துவிட்டோம்’ என்று இரவுக்குள் சொல்லியாக வேண்டிய நெருக்கடியில், முழு வீடியோவைக் கேட்டு வாங்கக்கூட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

---

■ கணினி சொன்ன பொய்

பிரிட்டன் அஞ்சல் துறை 1999 முதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் தந்த அந்த மென்பொருளின் கோளாறால், இல்லாத பணம் குறைவதாகத் திரையில் தெரிந்தது. கிளைகளை நடத்திய சாமானியர்கள் திருடர்கள் ஆனார்கள். உதவி எண்ணுக்கு அழைத்த பலருக்குச் சொல்லப்பட்ட பதில்: இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்.

சஸ்பெண்ட், சொந்தப் பணத்தில் ஈடுகட்டல், வழக்கு, சிறை. 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 700-க்கும் மேற்பட்டவர்கள்மேல் வழக்குப் போட்டது அந்த அஞ்சல் துறையேதான். சீமா மிஸ்ரா என்ற பெண் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார்.

வேல்ஸில் தன் கிளையை இழந்த ஆலன் பேட்ஸ், பாதிக்கப்பட்ட மற்றவர்களைத் தேடிப் பிடித்தார். 2009-ல் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்துப் பொதுக்கூடத்தில் சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். பின்னாளில் 555 பேராக வழக்குத் தொடுத்தார்கள். மென்பொருளில் கோளாறு உண்டு என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது.

‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களைப் போல இன்னொருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள்.

---

நிரூபிக்கப்படாதது எல்லாம் பொய் அல்ல

சாட்சி இல்லாததால் நிற்காமல் போகும் புகார் வேறு. இல்லாததைத் திட்டமிட்டு ஜோடித்த புகார் வேறு. மூடிய அறைக்குள் நடந்த அத்துமீறலுக்கு ஒரு பெண் எங்கே போய்ச் சாட்சி தேடுவாள்? அதனால்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தீய நோக்கம் இருந்தது என்று தனியாக விசாரித்துக் கண்டுபிடித்தால்தான் நடவடிக்கை.

அதே சட்டம் விசாரணைக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. இடைக்காலத்தில் இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம் என்றும் வழி வைத்திருக்கிறது. வேகமான, இருபக்கமும் கேட்கும் விசாரணை புகார் சொன்னவருக்கும் நல்லது, புகாருக்கு ஆளானவருக்கும் நல்லது. இழுபறி இருவருக்குமே அநீதி.

முதல் 90 நாள்: நீங்கள் செய்ய வேண்டியது

உத்தரவை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், தெருவே படிக்கும். தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். எந்த விதியின் கீழ், யார் கையெழுத்தில், எந்த ஊரைத் தலைமையிடமாகச் சொல்லி வந்திருக்கிறது என்று பாருங்கள். சஸ்பெண்ட் செய்ய அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவு நிற்காது.

அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து நடந்ததை எழுதுங்கள். எத்தனை மணி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கைகொடுப்பது அந்த நோட்டுத்தான்.

கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். ‘இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள்’ என்று முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள். உங்கள் டூட்டி சார்ட், சம்பளச் சீட்டு, மேலதிகாரி வாட்ஸ்அப்பில் கொடுத்த உத்தரவுகள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள். ஆபீஸ் கோப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அதுவே இன்னொரு குற்றச்சாட்டாகும்.

பிழைப்பூதியம் வரவில்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள். எழுதிக் கேளுங்கள். வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். மத்தியப் பிரதேச வனத்துறை ரேஞ்சர் கனஷ்யாம் தாஸ் ஸ்ரீவஸ்தவாவுக்கு ரேவாவில் வீடு, 500 கிலோமீட்டர் தள்ளி ஜகதல்பூரில் விசாரணை. பிழைப்பூதியம் தராமல் நடத்திய அந்த விசாரணை செல்லாது என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில், கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று அப்பீல் செய்த ஊழியருக்கு மாதம் ஒரு ரூபாய்தான் பிழைப்பூதியம் என்று ஒரு விதியே இருந்தது. 1983-ல் அதையும் ரத்து செய்தது.

சார்ஜ் மெமோ வந்ததும் ஆத்திரத்தில் பதில் எழுதாதீர்கள். அவர்கள் நம்பியிருக்கும் ஆவணங்கள், சாட்சி வாக்குமூலங்களின் நகலை முதலில் கேளுங்கள். நகல் தராமல் நடத்தும் விசாரணை நீதிமன்றத்தில் நிற்பது கடினம். பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, சுருக்கமாக, ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள்.

விசாரணையைப் புறக்கணிக்காதீர்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் அது நடக்கும். உடன் பணிபுரிபவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. தினமும் விசாரணைப் பதிவில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். சொல்லாததை எழுதியிருந்தால் கையெழுத்துக்கு மேலேயே ஆட்சேபம் எழுதுங்கள்.

தனியார் நிறுவனத்தில் ஒரு குரல் மெதுவாகக் காதில் விழும்: ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, கேஸ் இல்லாம முடிச்சுடலாம்.’ அன்றே, அந்த அறையிலேயே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தபின் நியாயம் கேட்டுப் போனால், ‘அவராகத்தானே போனார்’ என்பார்கள்.

புகார் கொடுத்தவருக்குப் போன் செய்யாதீர்கள். ஆள் அனுப்பாதீர்கள். முகநூலில் எழுதாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு போன் கால் ‘சாட்சியை மிரட்டினார்’ என்று கோப்பில் ஏறிவிடும்.

---

■ எந்தக் கதவைத் தட்டுவது?

● சார்ஜ் மெமோ இல்லாமல் மூன்று மாதம் கடந்தால்: அஜய் குமார் சவுத்ரி வழக்கில் 2015 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டி சஸ்பென்ஷனை ரத்து செய்யக் கேட்கலாம். மெமோ கொடுத்துவிட்டார்கள் என்றால், நீட்டிப்புக்குக் காரணம் சொல்லும் உத்தரவு இருக்க வேண்டும்.

● தமிழக அரசு ஊழியர்: துறை மேல்முறையீடு, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அல்லது மதுரைக் கிளை.

● மத்திய அரசு ஊழியர்: மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்.

● தொழிலாளர்: தொழிலாளர் துறை, சமரச அதிகாரி, அதன்பின் தொழில் தீர்ப்பாயம்.

● வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

---

சஸ்பெண்டுக்கும் வழியில்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் உத்தரவு என்று ஒரு தாள் கையில் கிடைப்பவர்களுக்கு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும், ஏஜென்சி மூலம் வந்த செக்யூரிட்டிக்கும், தொகுப்பூதிய ஆசிரியருக்கும் அந்தத் தாளும் கிடையாது. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு முடிகிறது. உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு அந்த வாக்கியமும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் ‘பார்சல் வரவில்லை’ என்று அழுத்தினால், காலையில் அவருடைய செயலி திறக்காது. யாரிடம் போய் விளக்கம் சொல்வது என்பதும் அவருக்குத் தெரியாது.

திருட்டுப் பட்டத்தோடு வீட்டு வேலையிலிருந்து அனுப்பப்படும் அக்காக்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். காணாமல் போன மோதிரம் ஒரு மாதம் கழித்து பீரோவின் இடுக்கில் கிடைக்கிறது. அவரைத் தேடிப்போய் ‘தப்பு எங்கள் மேல்தான்’ என்று சொன்ன வீடுகள் எத்தனை?

வென்ற பிறகும் ஒரு வேலை பாக்கி

குற்றம் இல்லை என்று தீர்ந்து வேலைக்குத் திரும்பும் அன்று, நிம்மதியில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். சஸ்பெண்ட் காலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தனி உத்தரவு வாங்க வேண்டும். சஸ்பென்ஷன் முற்றிலும் நியாயமற்றது என்று முடிவானால், அந்தக் காலம் முழுவதும் பணிக்காலமாகவே கருதப்பட்டு முழுச் சம்பளமும் வர வேண்டும். சட்டவிரோதமாக வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளத்தோடு வேலை கொடுப்பதே பொது விதி என்று, தீபாலி குண்டு சுர்வாசே என்ற ஆசிரியையின் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தள்ளிப்போன பதவி உயர்வையும் பணிமூப்பையும் அப்போதே கேட்டு எழுதுங்கள்.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவர்மேல் வழக்குத் தொடரவும் வழி இருக்கிறது. பொது ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவு, குற்றம் செய்ததாகப் பொய்யாகப் பழி சுமத்தினால் 248-வது பிரிவு, அவதூறுக்கு 356-வது பிரிவு. போவதா வேண்டாமா என்பது உங்கள் உடம்பும் மனமும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. இன்னொரு பத்தாண்டை அதே மனிதருக்காகச் செலவழிக்க விரும்பாதவர்களும் உண்டு. அதுவும் நியாயமான முடிவுதான்.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். சஸ்பெண்ட் செய்யும் முன், இடமாற்றம் போதாதா என்று ஒரு முறை யோசியுங்கள். செய்தால், முதல் மாதமே பிழைப்பூதியத்தைக் கொடுத்து, 90 நாளுக்குள் விசாரணையை முடியுங்கள். புகார் பொய் என்று தெரிந்தால், சஸ்பெண்ட் செய்தியை எந்தப் பலகையில் ஒட்டினீர்களோ, எந்த நிருபருக்குச் சொன்னீர்களோ, அதே பலகையில் ஒட்டி, அதே நிருபருக்குச் சொல்லுங்கள். பத்திரிகைகளும் அதே பக்கத்தில், அதே அளவில் போட வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்போது சஸ்பென்ஷனில் இருந்தால், இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். வழக்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

சஸ்பென்ஷனில் இருப்பவர்களுக்கு நாள் முக்கியம். கேப்டன் பால் அந்தோணி சஸ்பெண்ட் ஆனது 1985 ஜூன் 3. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999 மார்ச் 30. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28.